ஆரணிக்குப் பக்கத்துக் கதிரை

எங்கள் மொழிபெயர்ப்புச் சேவையில் இப்போது ஒரு சின்னப் பெட்டி வாங்கியிருக்கிறார்களாம். மேசை நடுவில் வைத்துவிட்டால் தமிழில் சொன்னதைப் பிரெஞ்சிலும், பிரெஞ்சில் சொன்னதைத் தமிழிலும் அதுவே சொல்லுமாம். தேத்தண்ணி கேட்காது, பிந்தி வராது, பொய் சொல்லாது. இந்த மூன்றையும் செய்தவன் நான். அதனால் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று நினைக்கவேண்டாம். பெட்டி வருவதற்கு முன்பே வயது வந்து, மரியாதையாக ஓய்வுபெற்றவன் நான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் மூன்று பேர் போன மாதம் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ரூ பெர்தொனேயில் ஒரு கடைக்குள் கூட்டிக்கொண்டு போய் ரோல்ஸ் வாங்கித் தந்தார்கள்.

"தவம் அண்ணை, அந்தப் பெட்டி செய்ய ஏலாத வேலை ஏதாவது நீங்கள் செய்திருப்பீங்கள்தானே?"

"பெட்டி செய்ய ஏலாத பிழையெண்டால் கனக்கச் செய்திருக்கிறன்."

"அப்ப அதை எழுதித் தாங்கோ" என்றாள் ஒருத்தி.

ரோல்ஸைப் பாதி கடித்த பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எழுதுகிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன், ஆனபடியால் எழுத்துப் பிழை இருந்தால் இரண்டு தரம் மன்னிக்கவும்.

பாரிசுக்கு வந்து பதினொரு வருஷம் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவினேன். என் பிரெஞ்சு முழுவதும் சமையல்காரர்கள் என்னைத் திட்டிச் சொல்லித் தந்தது. காரியாலய வரிசைகளில் எங்கள் ஆட்களுக்கு அந்தப் பிரெஞ்சில் உதவி செய்தபோது அதிகாரிகளுக்கு முகம் சிவந்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அதில் ஒரு அதிகாரி, "நீங்கள் இதையே தொழிலாகச் செய்யலாமே" என்று நக்கலாகச் சொன்னார். நான் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு மொழிபெயர்ப்புச் சேவையின் கதவைத் தட்டினேன். ஆள் தட்டுப்பாடு. எடுத்துவிட்டார்கள்.

பயிற்சி மூன்று நாள். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, விளக்கம் கொடுக்கக்கூடாது. ஒருவர் "எனக்குத் தலையிடி" என்றால் "அவருக்குத் தலையிடியாம்" என்று சொல்லக்கூடாது. அவருடைய வாயாக நின்று "எனக்குத் தலையிடி" என்றே சொல்லவேண்டும். இந்த விதியைப் பிடித்துக்கொண்டு, வேலைக்குப் போன முதல் வாரமே ஒரு வைத்தியருக்கு முன்னால், மீசையோடு, "நான் ஏழு மாதக் கர்ப்பிணி" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் இது உண்மையான தொழில் என்று விளங்கியது.

சேவைக்குப் பொறுப்பாக இருந்தவர் மதாம் ரொசாலி. புதுச்சேரிக்காரி. மேசையில் ஒரு தாள்கூட இருக்காது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், அவ்வளவுதான். வேலை முடிந்து வருகிறவரிடம் எப்படிப் போனது என்று கேட்கமாட்டார். ஒரே கேள்விதான்.

"இன்னைக்கு எதை விட்டீங்க?"

"ஒன்றும் விடவில்லை" என்று சொன்னால் கதிரையைக் காட்டுவார். உட்கார்ந்து யோசிக்கவேண்டும். எல்லோரும் எதையாவது விடுவார்கள், விடவில்லை என்பவன் பொய்யன் என்பது அவருடைய முடிவு. நான் ஒவ்வொரு நாளும் பகிடி சொல்லித் தப்பிப்பேன். "கடைசி பஸ்ஸை விட்டிட்டன், மதாம்." "ஒரு மூச்சு விட்டன், மதாம்." அவர் என்னைப் பார்த்தபடி தண்ணீர் குடிப்பார். அந்தப் பார்வையோடு வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

இனி ஆரணியின் கதை.

பாரிசின் பத்தாம் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே பள்ளிக்கூட உளவியலாளராக இருந்தவர் மதாம் வெர்னியே. மெலிந்த மனுசி, எப்போதும் பென்சில்தான், பேனா இல்லை. சில பிள்ளைகளுக்கு மனத்தாலும் நடத்தையாலும் வருகிற கோளாறு படிப்பைக் கெடுக்கிறது என்று முடிவானால், மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கு ஒரு கோப்பு போகும். அதற்குப் பிறகு வகுப்பில் துணைக்கு ஒரு ஆளைக் கொடுக்கலாம், அல்லது பிள்ளையை அதற்கென்று இருக்கிற நிலையத்துக்கு மாற்றலாம். எந்தப் பிள்ளைக்குக் கோளாறு என்ற பெயரை வைக்கலாம், எந்தப் பிள்ளைக்கு வைக்கக்கூடாது என்பதுதான் அவருடைய வேலை. அதைப் போலச் சிக்கலான வேலையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

"பிள்ளைகள் குழப்படி செய்வது கோளாறு அல்ல" என்பார் அவர். "ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை என்பது கோளாறு அல்ல. பிரெஞ்சு தெரியாதது கோளாறு அல்ல. எத்தனை நாளாக இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் மட்டுமா, வீட்டிலுமா? அந்த வயதுப் பிள்ளைகள் செய்வதைவிட எவ்வளவு கடுமை? படிப்பும் சிநேகமும் கெடுகிறதா? இவ்வளவுக்கும் ஆம் என்றால், கடைசிக் கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளை இருக்கிற நிலையில் எந்தப் பிள்ளையை வைத்தாலும் இப்படித்தான் செய்யுமா? அப்படியென்றால் அது கோளாறு அல்ல. அது பதில்."

அந்தக் கேள்விகளை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். நெடுநாளாக இருக்கிறது, வீட்டிலும் வெளியிலும் இருக்கிறது, கடுமையாகவும் இருக்கிறது, படிப்பு கெட்டது ஊருக்கே தெரியும். அறுபது வருஷமாக நான் கோப்பில்லாமல் திரிகிறேன்.

ஆரணிக்கு எட்டு வயது. பிறந்தது பாரிசில். வகுப்பில் இரண்டு இரண்டு பேராக இருத்தும் மேசைகள். ஆரணியின் இடப்பக்கத்துக் கதிரை எப்போதும் காலி. யாரையாவது அதில் இருத்தினால், முதலில் கையைப் பிடித்து எழுப்புவாள். எழும்பாவிட்டால் கடிப்பாள். மூன்று பிள்ளைகளைக் கடித்துவிட்டாள், மூன்றாவது பிள்ளைக்கு இரத்தம் வந்துவிட்டது. சாப்பாட்டு மண்டபத்தில் தன் பாண் ரொட்டியில் பாதியைப் பிய்த்து இடப்பக்கம் வைப்பாள். காலிக் கதிரையோடு தமிழில் கிசுகிசுப்பாள். கணக்கில் கெட்டிக்காரி. ஒரு வருஷத்துக்கு மேலாக இதே கதை.

முதல் கூட்டத்தில் தலைமை ஆசிரியை, வகுப்பு ஆசிரியர், மதாம் வெர்னியே, ஆரணியின் தாய் வதனி, நான். வதனி கோட்டைக் கழற்றவில்லை. தகப்பனுக்கு உணவகத்தில் வேலை, வர முடியவில்லை.

"வீட்டில் பிள்ளை எப்படி?" என்று மதாம் வெர்னியே கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"வீட்டிலை ஒரு கரைச்சலும் இல்லை, அண்ணை" என்றார் வதனி. "மேசையிலை என்ரை தமையனுக்கு ஒரு கதிரை விட்டிருக்கிறம். கடைசிச் சண்டைக்கை காணாமப் போனவர். ஒவ்வொரு நாளும் அவருக்குச் சோறு போட்டு வைப்பன். இவ பக்கத்திலை இருந்து மாமாவோடை கதைச்சுக் கதைச்சுச் சாப்பிடுவா. இவவுக்கு அவர் அங்கை இருக்கிறார் எண்டுதான் எண்ணம். எனக்கும் சில நாளையிலை அப்பிடித்தான் கிடக்கு."

நான் பிரெஞ்சில் சொன்னது இது: "வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். மாமாவோடு நன்றாகப் பேசுவாள்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இங்கே இருக்கிற எங்கள் ஆட்களுக்கு மட்டுமே இது முழுதாக விளங்கும். பள்ளிக்கூடம் கூப்பிட்டால், பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகத்தான் கூப்பிடுகிறார்கள் என்ற பயம் எங்களில் பாதிப் பேருக்கு உண்டு. செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத ஒருவருக்குத் தினமும் சோறு வைக்கிற தாயை இந்த மேசையில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எங்கள் ஆட்களை வெள்ளைக்காரருக்கு முன்னால் கீழே விடக்கூடாது. அதனால் கொஞ்சம் துடைத்து, மினுக்கி, கோப்பை கழுவுகிற மாதிரிக் கழுவிக் கொடுத்தேன். பழைய தொழில் கையைவிட்டுப் போகாது.

மதாம் வெர்னியே பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா நீளமாகச் சொன்னார். நீங்கள் சுருக்கமாகச் சொல்கிறீர்கள்."

"தமிழ் நீளமான மொழி, மதாம்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்: "குடும்பத்தில் யாராவது இறந்தார்களா, பிரிந்தார்களா?" வதனி தமையனைப் பற்றி மறுபடியும் சொன்னார். நான் மறுபடியும் கழுவினேன்.

அடுத்த வாரம் மதாம் வெர்னியே என்னை வகுப்புக்கு வரச் சொன்னார். ஆரணி என்ன பேசுகிறாள் என்று கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். வகுப்பின் பின்பக்கம், ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்த கதிரையில் நான் உட்கார்ந்தேன். முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்தது. ஆரணி எங்களுக்கு முன்னால் இரண்டு மேசை தள்ளி.

மதாம் வெர்னியே ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறியிருந்தார். முன்பு நடந்தது, நடந்தது, பின்பு நடந்தது. மடியில் வினாடி எண்ணுகிற கடிகாரம். "கோபப்பட்டாள்" என்று எழுதமாட்டார். "மேசையை இரண்டு கையாலும் தள்ளினாள், நான்கு வினாடி" என்று எழுதுவார். "பயந்தாள்" என்று எழுதமாட்டார். கண்ணால் கண்டது மட்டும்தான் நிரலுக்குள் வரலாம் என்பது அவர் விதி. ஒரு மணித்தியாலம் அப்படியே கழிந்தது. எனக்கு நித்திரை வந்தது.

பிறகு ஆசிரியர் எல்லோரையும் வரையச் சொன்னார். வகுப்பு அமைதியானது. ஆரணி இடப்பக்கம் திரும்பினாள். காலிக் கதிரையைப் பார்க்கவில்லை. கதிரையில் ஒரு ஆள் இருந்தால் முகம் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, அவ்வளவு உயரத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் தலையை ஆட்டினாள். பிறகு சொன்னாள்:

"தலையைக் கீழை வையுங்கோ. சத்தம் போடாதேங்கோ. இன்னும் முடியேல்லை."

எங்கள் பிள்ளைகள் இங்கே பேசுகிற தமிழ் எனக்குத் தெரியும். பாதி பிரெஞ்சு, பாதி தாயின் அதட்டல். இது அது இல்லை. இது களைத்துப்போன ஒரு வளர்ந்த ஆம்பிளையின் பேச்சு. எட்டு வயதுப் பிள்ளையின் குரலில் வந்தது. எனக்கு நித்திரை போய்விட்டது.

அவள் இன்னும் ஒன்று சொன்னாள். "உங்கடை மற்றக் கால் சப்பாத்து எங்கை?"

மதாம் வெர்னியே என் பக்கம் சரிந்து, "என்ன சொல்கிறாள்?" என்றார்.

"விளையாடுகிறாள், மதாம். ஏதோ கதை."

இரண்டாவது நிரலில் அவர் எழுதினார்: தமிழில் பேசினாள், இருபது வினாடி, விளையாட்டு. என்னுடைய பொய் அங்கே பென்சிலில், நேரத்தோடு, பக்குவமாக உட்கார்ந்தது.

கோப்பு தயாராகிவிட்டது. வதனிக்கு வாசித்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு மேல். மிகக் கடுமை. மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்து. புத்தியில் குறை இல்லை. வீட்டில் அறியப்பட்ட காரணம் எதுவும் இல்லை. ஆகவே நடத்தைக் கோளாறு. நகருக்கு வெளியே உள்ள நிலையம் ஒன்று, திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கல். பெற்றோர் கையெழுத்து வைத்தால் அனுப்புவார்கள். "அறியப்பட்ட காரணம் எதுவும் இல்லை" என்ற வரியை மட்டும் தலையை நிமிர்த்தாமல் வாசித்தேன்.

வதனி தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "அண்ணை, இவருக்கும் ஒருக்கா வந்து விளங்கப்படுத்துங்கோ. சனிக்கிழமை மத்தியானம் வாங்கோ. நண்டுக் கறி வைக்கிறன்."

வீடுகளுக்குப் போகக்கூடாது என்பது சேவையின் விதி. நண்டைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வீடு பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில், நான்காவது மாடி. தகப்பன் வேலை முடிந்து வர அரை மணித்தியாலம் ஆகும் என்றார் வதனி. குசினியில் நண்டு கொதித்தது. மேசையில் நான்கு கதிரை, நான்கு தட்டு. மூன்று பேர் வீட்டில் நான்காவது தட்டு எனக்குத்தான் என்று நினைத்து, ரேடியேட்டர் பக்கமாக இருந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தேன். நான் சொல்லிக்கொள்கிற அளவுக்குப் புத்திசாலி இல்லை என்று முன்பே எழுதிவிட்டேன்.

எதிரே ஆரணி. கடிக்கப் போகிறாள் என்று கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அவள் கடிக்கவில்லை. என் தலைக்கு மேலே, பின்பக்கமாகப் பார்த்தாள்.

"பரவாயில்லை, அங்கிள்" என்றாள். "அவர் எழும்பி உங்களுக்கு இடம் விட்டிட்டார்."

நான் எழும்பிய வேகத்துக்குக் கதிரை விழுந்துவிட்டது. அது சூடாக இருந்தது என்பதை எழும்பின பிறகுதான் உணர்ந்தேன். பக்கத்தில் ரேடியேட்டர் இருந்தது என்று எழுதினேன்தானே. அது அன்றைக்குப் போட்டிருந்ததா என்று நான் தொட்டுப் பார்க்கவில்லை.

வதனி வந்து கதிரையை நிமிர்த்தினார். கோபப்படவில்லை. போனை எடுத்து, சோற்றைத் தட்டில் போட்டபடியே ஒரு பதிவை ஓடவிட்டார். பழைய தொலைபேசியில் பதிவான குரலைப் போனுக்கு மாற்றி வைத்திருந்தார். ஒரு ஆம்பிளைக் குரல், கரகரப்பு. தலையைக் கீழை வையுங்கோ, சத்தம் போடாதேங்கோ. ஆரணி உதடு அசைத்துக் கூடவே சொன்னாள், தேவாரம் சொல்லுகிற பிள்ளை மாதிரி.

"ஒவ்வொரு நாளும் போடுவீங்களோ?" என்று கேட்டேன்.

"இவ பிறக்க முந்தியிருந்து."

எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பேய் இல்லை, பதிவு. பிள்ளை கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறாள். அந்தத் துணிவில் கேட்டேன்: "அப்ப அந்தச் சப்பாத்துக் கதையும் இதிலை வருமோ?"

"என்ன சப்பாத்து?"

"மற்றச் சப்பாத்து எங்கை எண்டு வகுப்பிலை கேட்டவ."

வதனியின் கையில் அகப்பை நின்றுவிட்டது. ஆரணி நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தாள். வதனி குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணையைக் கடைசியாக் கண்ட ஒரு பெடியன் எனக்குச் சொன்னவன். ஒரு காலிலைதான் சப்பாத்து இருந்ததாம். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவருக்கும் சொல்லேல்லை."

நண்டுக் கறி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். தகப்பன் வர முன்பே வெளிக்கிட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மதாம் ரொசாலிக்கு முன்னால் நின்றேன். அவர் கேட்க முன்பே நானே சொன்னேன்.

"மதாம், விட்டிட்டன்."

"எதை?"

"ஒரு ஆளை."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தண்ணீரைத் தொடவில்லை.

"ஊர் மானத்தைக் காப்பாத்தப் போனீங்களா, தவம்? அப்ப அந்தப் புள்ளைய யாரு காப்பாத்துறது?"

"தெரியேல்லை, மதாம்."

"அந்த அம்மா வாயில இருந்து வந்ததை நீங்க குப்பையில போட்டீங்க. அத வச்சுத்தான் புள்ளைக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க. அந்தப் பேரு அவ கல்யாணத்துக்குக்கூட கூடவே போகும், தெரியுமா?"

தொலைபேசியில் இலக்கத்தை அழுத்தி, மதாம் வெர்னியே எடுத்ததும் கருவியை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. சுருக்காம."

சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி மதாம் வெர்னியே சத்தம் போடவில்லை. பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பதிவோடு அம்மாவும் பிள்ளையும் வியாழக்கிழமை வரட்டும். கையெழுத்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்களும் வாருங்கள்" என்றார். வேலை போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அதைவிடக் கஷ்டமானதைத் தந்தார்.

வியாழன் பின்னேரம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, மதாம் வெர்னியேயின் சின்ன அறை. ஆரணி மூலையில் ஒரு தாளில் வரைந்துகொண்டிருந்தாள். வதனி போனை மேசையில் வைத்தார். முதலில் நான் வதனியிடம், போன தடவை அவர் சொன்னதை மாற்றிச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னது வெக்கக்கேடோ, அண்ணை?"

மதாம் வெர்னியே, "அம்மா என்ன கேட்டார்?" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அவர், "இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன்.

பிறகு பதிவு ஓடியது. ஒரு வசனம், நிறுத்தம். ஒரு வசனம், நிறுத்தம். விதிப்படி, குறைக்காமல், அந்த ஆளின் வாயாக நின்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனேன்.

"வதனி, நான்தான். கேட்கிறதா? நாங்கள் பதுங்குகுழிக்குள் இருக்கிறோம். தலையைக் கீழே வையுங்கள், சத்தம் போடாதீர்கள். வதனி, இன்னும் முடியவில்லை. முடிந்த உடனே வருகிறேன். எனக்கும் சேர்த்துச் சோறு போட்டு வை."

அவ்வளவுதான் பதிவு. என் குரல் நின்றபோது மூலையில் பென்சில் சத்தமும் நின்றது. ஆரணி எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். இவ்வளவு காலமும் காலிக் கதிரைக்கு மேலே பார்த்த மாதிரி இல்லை. நேரே என் முகத்தைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

மதாம் வெர்னியேக்குச் சொன்னேன்: "முடிந்துவிட்டதா என்று கேட்கிறாள்." இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்த அறையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை இருந்தது. அது மொழிபெயர்ப்பாளன் இல்லை. நான் வதனியைப் பார்த்தேன். அவர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைசிப் பொத்தானும் கழன்ற பிறகு சொன்னார்.

"ஓம், பிள்ளை. முடிஞ்சுது. எப்பவோ முடிஞ்சுது."

அதை நான் பிரெஞ்சில் சொல்லவேண்டும். இரண்டு சொல் போதும். என் தொழிலில் அதைவிடப் பாரமான இரண்டு சொல்லை நான் தூக்கியதில்லை. வதனி அழவில்லை. போனைக் கைப்பைக்குள் வைத்து, அதன் வாயை மூடினார்.

ஆரணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு எனக்குச் சொன்னாள்:

"அப்ப நீங்கள் மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அங்கிள். உங்கடை வாயாலைதானே இப்ப கதைச்சவர்."

அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மதாம் வெர்னியே அழிரப்பரை எடுத்தார். "அறியப்பட்ட காரணம் எதுவும் இல்லை" என்ற வரியை மெதுவாக, தாள் கிழியாமல் அழித்தார். அந்த இடத்தில் நீளமாக எழுதினார். சப்பாத்தைப் பற்றி நான் சொன்னதை மட்டும் எந்த நிரலுக்குள்ளும் போடவில்லை. ஓரத்தில் குறித்துவிட்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரணியை நிலையத்துக்கு அனுப்பவில்லை. கோளாறு என்ற பெயரும் வைக்கவில்லை. வகுப்பில் கொஞ்ச நாளைக்குத் துணைக்கு ஒரு ஆள், வாரத்துக்கு ஒருமுறை தாயும் மகளுமாகப் போய்ப் பேச ஒரு இடம். அடுத்த திங்கட்கிழமை அவளுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பிள்ளையை இருத்தினார்களாம். ஆரணி அழுதாளாம், கடிக்கவில்லையாம். பிறகு அழிரப்பர் கடன் கேட்டாளாம். அதே பள்ளிக்கூடத்தில் படித்து முடித்துத்தான் போனாள்.

புதுப் பிள்ளைகளே, உங்கள் பெட்டி அன்றைக்கு அந்த மேசையில் இருந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆரணி தன் மாமாவை யாரோடு அனுப்பியிருப்பாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் அந்த வியாழன் பின்னேரம் நான் லா ஷப்பலில் மெத்ரோ ஏறினேன். வேலை விட்டு வருகிற நேரம். கம்பியைப் பிடிக்க இடமில்லாமல் சனம் நெருக்கி நின்றது. எனக்கு மட்டும் எப்படியோ உட்கார இடம் கிடைத்தது. என் பக்கத்து இருக்கையும் காலியாக இருந்தது. ஒரு கிழவர் அதைப் பார்த்தார், பிறகு நின்றுகொண்டார். பைகளோடு ஒரு பெண் வந்தாள், உட்காரப் போனாள், "மன்னிக்கவும்" என்று எனக்கில்லாமல் அந்தக் காலி இருக்கைக்குச் சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்தாள். ஏழு தரிப்பிடம் வரை ஒருவரும் அதில் உட்காரவில்லை.

என் தரிப்பிடம் வந்தது. நான் எழும்பினேன். கதவடியில் ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி விட்டு நின்று, பிறகு இறங்கினேன்.